வாயிலும் வாய்க்காலும்

இலக்கண நூலார் இலக்கணப்போலி என்றொரு வகை கூறுவர். முன்மொழியும் பின்மொழியும் இடம் மாறி நின்று, அதுவே முறைபோல வழங்கும் சொற்கள் அவை. 'இல்முன்' என்பது முன்றில் ஆயிற்று; 'இல்வாய்' என்பது வாயில் ஆயிற்று; 'கால்வாய்' வாய்க்கால் ஆயிற்று; 'நகர்ப்புறம்' புறநகர் ஆயிற்று. இந்நான்கையும் வகுப்பில் ஒரே மூச்சிற் சொல்லிப் பழகுகின்றோம். ஆயினும் இவை இலக்கணத்தில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் ஒன்றையொன்று தொட்டு நிற்பன என்பதனை நாம் எண்ணுவதில்லை. புறநகரில் வீடு கட்டுவோர் தம் முன்றிலினின்று தெருவிற்குச் செல்ல வாயில் வைக்கின்றனர். வாயிலுக்கும் தெருவிற்கும் இடையே வாய்க்கால் ஓடுகின்றது. வாய்க்காலைக் கடந்தாலன்றி வாயிலால் பயனில்லை. வாயிலின் பொருட்டு வாய்க்காலை அடைத்துவிட்டாலோ ஊர்நீர் செல்ல வழியில்லை. பகைபோல் நிற்கும் இவ்விரண்டையும் நட்பாக்குவது ஒரு சிறு கட்டடம். அதுவே மதகு. அதன் அளவையும், அதனை அமைக்கும் முறையையும், அதன்கண் அடங்கிய கடமையையும் ஐயப்பன்தாங்கல் என்னும் ஊரை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் நீரும்

பரங்கிமலை-பூந்தமல்லி நெடுஞ்சாலையில், போரூருக்கும் காட்டுப்பாக்கத்திற்கும் இடையே அமைந்துள்ளது ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்பது சிறிய ஏரிக்குப் பெயர். நீரைத் தாங்கி நிற்பதனால் தாங்கல் எனப்பட்டது. பறவைகளுக்குப் பேர்பெற்ற வேடந்தாங்கலும், சென்னையின் தென்பகுதியிலுள்ள பழவந்தாங்கலும் இவ்வாறே பெயர் பெற்றவை. ஓர் ஊர் தன் பெயரிலேயே தன் இயல்பைக் கூறுமாயின், அங்கு வீடு கட்டுவோர் அப்பெயரை ஒருமுறையேனும் பொருளுணர்ந்து படித்தல் நன்று. 'இங்கே நீர் வரும். வந்து நிற்கும்' என்பதே அப்பெயர் நமக்கு விடுக்கும் ஓலை.

இவ்வூருக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியும், கிழக்கே போரூர் ஏரியும் உள்ளன. வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் ஓடுகின்றன. போரூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் தந்திக் கால்வாய் இவ்வூர்ப் பக்கமாகவே செல்கின்றது. பழங்காலத்து ஏரி மாவட்டங்களின் அமைப்பு யாதெனின், மேலேரி நிரம்பினால் அதன் மிகுநீர் கலங்கல் வழியே கீழேரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அடுத்ததற்குச் செல்லும். முடிவில் ஆற்றையும் கடலையும் அடையும். சங்கிலியின் கண்ணிகள் போல ஏரிகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. வயல்கள் மனைகளாயின, வரப்புகள் தெருக்களாயின, நீரின் வழி மட்டும் மாறவில்லை. நிலத்தின் சரிவு பத்திரப் பதிவு அலுவலகத்தின் ஏடுகளுக்குக் கட்டுப்படுவதன்று.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று பெய்த பெருமழையை இப்பகுதியார் மறக்கவியலாது. ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. எனப் பதிவாயிற்று. மீண்டும் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. இத்தகைய பெருவெள்ளங்களை வீட்டு வாயில் மதகு தடுத்துவிடும் என்று கூறுவது பேதைமை. ஏரி உடைந்தாலும் ஆறு கரை கடந்தாலும் அவற்றுக்குரிய மருந்து வேறு. ஆயின் ஆண்டுதோறும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் நடுத்தர மழைக்கே தெருக்கள் குளமாவதும், வீடுகளுள் நீர் புகுவதும் பெரும்பாலும் பெருவெள்ளத்தால் நிகழ்வன அல்ல. அவை வாய்க்காலின் குறுக்கே நாமே இட்ட தடைகளால் நிகழ்வன.

வாயிலில் நிகழும் பிழைகள்

அத்தடைகள் மூவகைப்படும். முதலாவது, வாய்க்காலை முற்றிலும் தூர்த்துவிடுதல். வீடு கட்டி எஞ்சிய செங்கற்றுண்டும் காரையும் கலந்த, கொத்தனார்கள் 'ரப்பீஸ்' என வழங்கும் இடிபாட்டுக் குப்பையைக் கொட்டி, மேலே சிமெண்டுப் பூசி, மோட்டார் வண்டி ஏறச் சரிவு அமைத்துவிடுகின்றனர். இரண்டாவது, குழாய் வைத்தல். ஆனால் சமையலறைக் கழிவு நீருக்கு ஏற்ற சிறு குழாயைத் தெருவின் மழைநீருக்கு வைத்தல். மூன்றாவது, போதிய குழாயையே வைத்தும், வாய்க்காலின் அடித்தளத்தினின்று அரையடி உயர்த்தி வைத்துவிடுதல். முதலிரண்டும் காண்போர் கண்ணுக்குப் புலப்படும், மூன்றாவது புலப்படாது. குழாய் பெரிதாய்த் தோன்றும். ஆயினும் அதன் வாய்மட்டம் வரை நீர் தேங்கிய பின்னரே ஒரு துளியேனும் உட்செல்லும். தேங்கிய நீரில் மண் படியும். மண்ணில் புல் முளைக்கும். மறு ஆண்டு வாய்க்காலே இராது.

இவற்றுள் உற்று நோக்கத்தக்க ஒன்று உண்டு. சமையலறைப் புகைபோக்கி அடைபட்டால் புகை அவ்வீட்டையே சூழும். கிணறு தூர்ந்தால் அவ்வீட்டாரே தாகத்தால் வருந்துவர். மதகின் பிழையோ அத்தகையதன்று. ஒருவர் தம் வாயிலில் வாய்க்காலை அடைத்தால், நீர் தேங்குவது அடைப்பிற்கு மேற்புறத்தில். ஆதலின் துன்புறுவோர் மேல்வீட்டார். அடைத்தவர் வீட்டு முன்றில் பெரும்பாலும் உலர்ந்தே கிடக்கும். செய்தவர் ஒருவர், நனைபவர் வேறொருவர். இதனாற்றான் இப்பிழை தெருதோறும் பெருகுகின்றது. இதனாற்றான் திருத்தப்படாமலும் கிடக்கின்றது.

புறநகர்த் தெரு ஒன்றில் யான் கண்டது இது. ஆறங்குலக் குழாய் வைத்த ஒரு வாயிலின் மேற்புறத்தே நான்கு வீடுகளில் நீர் புகுந்தது. கடைசி வீட்டில் தனித்து வாழும் மூதாட்டியார் ஒருவர், அரிசி மூட்டையையும் பேரப்பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் கட்டிலின்மீது ஏற்றி வைத்து, தாம் நாற்காலியில் இரவு முழுதும் அமர்ந்திருந்தார். மறுநாட் காலையில் அண்டை வீட்டார் கூடிக் கடப்பாரையால் அச்சரிவை உடைத்து வழிவிட்டனர். உச்சிப்பொழுதிற்குள் தெரு வடிந்தது. சரிவு கட்டியவர் தீயவரல்லர். தம் வீட்டிற்கு மூன்று வாயில் தள்ளி நீர் நிற்பதற்குத் தம் குழாய் காரணமாதல் கூடுமென்று அவர் கனவிலும் கருதியதில்லை. தெரிந்தபின் உடைப்பதற்கு முதலில் இசைந்தவரும் அவரே. ஆதலின் ஈண்டு வேண்டுவது சினமன்று, அறிவே.

பெயர்

தமிழ்நாட்டில் மதகு என்னும் சொல் பெரும்பாலும் ஏரியின் நீர் திறக்கும் வாயிலைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தாரோ சாலையின் அடியே நீர் செல்லக் கட்டிய சிறுபாலத்தையும் மதகு என்றே வழங்குவர். மாலையில் ஊரார் அமர்ந்து உரையாடும் இடமும் அம்மதகடியே. அரசாங்க ஏடுகளில் சிறுபாலம் என்று எழுதுவர். இரு முகங்களுக்கும் இடையே நீளம் 6 மீட்டருக்கு மேற்படாததனையே இந்தியச் சாலைப் பேரவையார் இவ்வகையிற் சேர்ப்பர். சாலை வேலை செய்வோரோ 'கல்வெர்ட்டு' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தம் நாவிற்கு இசையக் 'கல்வெட்டு' என்றே உரைப்பர். 'சாலையோரம் புதிதாய்க் கல்வெட்டு வைக்கிறார்கள்' என்று கேட்கும் தமிழ் மாணவர், எந்த அரசன் காலத்ததோ என்று விரைந்து சென்று நோக்குவராயின், சிமெண்டுக் குழாயையே காண்பர். இவ்விரு கல்வெட்டுகளுக்கும் ஓர் உறவு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

அளவு

மதகிற்கு எவ்வளவு பெரிய வாய் வேண்டும்? இவ்வினாவிற்கு விடை கூற உயர்கணிதம் வேண்டுவதில்லை. மனத்திற் கொள்ளத்தக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஓர் ஏக்கர் நிலத்தில் மணிக்கு ஓர் அங்குல வீதம் மழை பெய்தால், அதனினின்று விழும் நீர் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கன அடியாகும். ஏக்கர் 43,560 சதுர அடி. அதன்மேல் ஓர் அங்குலம் நின்றால் 3,630 கன அடி. ஒரு மணிக்கு 3,600 நொடி. வகுத்துப் பார்த்துக்கொள்க. ஒரு கன அடி என்பது 28 லிட்டர்.

இனி ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அதன் வாய்க்காலுக்கு ஐந்து ஏக்கர் நிலத்தின் நீர் வருகின்றது என்க; அஃதாவது ஏறத்தாழத் தொண்ணூறு மனை. வடகிழக்குப் பருவமழையின் கடுமையான மணியொன்றில் இரண்டு அங்குலம் பெய்கின்றது. மொத்தம் நொடிக்குப் பத்துக் கன அடி. மண்ணுள் இறங்குவதும் ஆங்காங்கே தங்குவதும் போக, வீடும் தளமும் நெருங்கிய தெருவில் பத்தில் ஏழு பங்கேனும் ஓடிவரும். எனவே வாய்க்காலில் வருவது நொடிக்கு ஏழு கன அடி, அஃதாவது ஏறத்தாழ 200 லிட்டர்.

அடுத்துக் குழாயின் ஆற்றலை நோக்குவோம். இருநூறு அடிக்கு ஓரடி சரிவில் இட்ட கான்கிரீட்டுக் குழாய் நிறைந்து ஓடுங்கால், 6 அங்குலக் குழாய் நொடிக்கு 11 லிட்டரும், 12 அங்குலக் குழாய் 68 லிட்டரும், 18 அங்குலக் குழாய் 200 லிட்டரும், 24 அங்குலக் குழாய் 430 லிட்டரும் ஏறத்தாழக் கொண்டு செல்லும். விட்டத்தை இருமடங்காக்கினால் நீரும் இருமடங்காகும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மையில் அது ஆறு மடங்கிற்கு மேலாகின்றது. வாயின் பரப்பு நான்கு மடங்காவதோடு, குழாயின் சுவரில் உராயும் நீரின் பங்கு குறைந்து வேகமும் மிகுவதே காரணம்.

இவ்விரண்டு கணக்கையும் ஒருங்கு வைத்து நோக்குக. தொண்ணூறு மனையின் நீருக்கு 18 அங்குலக் குழாய் அளவாய் அமைகின்றது. 6 அங்குலக் குழாயோ ஐந்து மனையின் நீரையே விடும். எஞ்சிய எண்பத்தைந்து மனையின் நீர் எங்குச் செல்லும்? மேல்வீட்டாரின் கூடத்திற்கே. இன்னும் ஒன்று: ஐயப்பன்தாங்கல் போன்ற சமநிலத்தில் இருநூறுக்கு ஒன்று என்னும் சரிவும் எளிதிற் கிட்டாது. எண்ணூறுக்கு ஒன்றாயின் அதே குழாய் பாதி நீரையே கொண்டு செல்லும். ஆதலின் கணக்கிற்கு வந்த அளவினும் ஒருபடி பெரியதைக் கொள்ளுதல் அறிவுடைமை.

கணக்கிட இயலாதார்க்கு ஒரு விதி போதும். தம் வாயிலுக்கு மேற்புறத்தே வாய்க்கால் எவ்வளவு அகலமும் ஆழமும் உடையதோ, அதற்குக் குறையாத வாய் தம் மதகிற்கும் இருத்தல் வேண்டும். தம் வீட்டுக் கூரையின் நீரை மட்டும் அளந்து குழாய் வாங்குவது, பொதுவழியைத் தம் ஒருவர் கால் அளவிற்குக் குறுக்குவது போலாம்.

அமைக்கும் முறை

வாய்க்கால் ஆழமாயின் குழாய் மதகு ஏற்றது. 1910-இல் ஆஸ்திரேலியாவில் வால்டர் ஹியூம் என்பார், அச்சினைச் சுழற்றிக் கான்கிரீட்டைச் செறியச் செய்து குழாய் வார்க்கும் முறையைக் கண்டார். 1926-இல் இந்திய ஹியூம் குழாய்க் கம்பெனி பம்பாயில் தோன்றியது. அன்று முதல் நம் ஊர்களிலும் அது ஹியூம் பைப்பு என்றே பெயர்பெற்று நிற்கின்றது. வாய்க்கால் ஆழமற்றதாயின் குழாய்மேல் மண்ணிட இடமிராது. அவ்விடத்துப் பக்கச்சுவர் இரண்டு எழுப்பி, மேலே கம்பியிட்ட கான்கிரீட்டுப் பலகை பாவுதலே நன்று. அதனால் வாய்க்காலின் முழு அகலமும் காக்கப்படும். பலகையைத் தூக்கித் தூர்வாரவும் எளிதாம்.

குழாய் மதகிற்குரிய படிகள் இவை. முதலில் வாய்க்காலின் போக்கில் நூல் பிடித்து, மேற்புறமும் கீழ்ப்புறமும் அடித்தளத்தின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். குழாயின் உள்ளடி அம்மட்டத்தோடு ஒத்திருத்தல் வேண்டும்; உயர்ந்தால் நீர் தேங்கும், தாழ்ந்தால் மண் நிரம்பும். தோண்டிய குழியின் அடியில் கல்லும் வேரும் நீக்கி, மணலோ சிறு சல்லியோ பரப்பிக் கெட்டிப்படுத்துக. குழாய் வெற்று மேட்டில் நின்றால் வண்டியின் பாரத்தால் நடுவே வெடிக்கும். படுக்கையில் உடம்பு பொருந்துவதுபோல் அடிமுழுதும் பொருந்திக் கிடத்தல் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்களைச் சேர்க்குங்கால், அகன்ற வாய் நீர் வரும் திசையை நோக்கி இருத்தல் முறை. இணைப்புகளைச் சிமெண்டுக் கலவையால் நன்கு மூடுக.

பின்னர் மண் நிரப்புதல். ஒரு பக்கத்தில் மட்டும் மண்ணைக் கொட்டினால் குழாய் நகர்ந்துவிடும். இருபுறமும் சமமாக, அரையடிப் படலமாய் இட்டு, நீர் தெளித்துத் திமிசு கொண்டு இடித்து வருக. குழாயின் மேல் ஓரடியேனும் மண் இருத்தல் வேண்டும். பாரவண்டி செல்லும் இடமாயின் இன்னும் மிகுதி வேண்டும். குழாயின் நீளம் வாயிற்சரிவின் அகலத்தினும் சற்று மிகுந்திருப்பின், வண்டி திரும்புங்கால் விளிம்பு உடையாது.

பலரும் விட்டுவிடும் பகுதி இரு முனைகளிலும் எழுப்ப வேண்டிய முகச்சுவராகும். அது அழகிற்காக அன்று. சுவரில்லாவிடின் நீர் குழாயினுள்ளே மட்டுமன்றி அதன் புறத்தேயும் மண்ணை அரித்து வழி தேடும். எலிவளை போலத் தொடங்கிய அவ்வழி ஒருநாள் வாயிற்சரிவையே உள்வாங்கிவிடும். அவ்வாறே குழாயினின்று வெளிப்படும் நீர் வேகமிக்கது. அது விழும் இடத்தைக் கருங்கல் பாவிக் காவாவிடின், அங்கே பள்ளம் பறித்து முகச்சுவரின் அடியைத் தோண்டும். இறுதியாக, வாயிற்சரிவின் மேல் விழும் மழைநீர் தெருவின் நடுவே பாயாமல் பக்கத்து வாய்க்காலில் வடியுமாறு தளத்தைச் சாய்த்தல் நலம்.

இவ்வளவும் செய்யுமுன் உள்ளாட்சியின் இசைவு பெறுதல் வேண்டும் என்பதனையும் கூறுதல் கடன். வாய்க்கால் வீட்டு மனையில் அடங்கியதன்று. அது ஊருக்கு உரியது.

காத்தல்

மதகு கட்டி முடித்த அன்றே கவலை முடிந்துவிடுவதில்லை. ஞெகிழிப் பைகளும் தேங்காய் மட்டையும் சருகும் ஒன்றுகூடினால் 18 அங்குலக் குழாய் ஒரே இரவில் 6 அங்குலமாகிவிடும். 'வெள்ளம் வருமுன்னே அணைகோல வேண்டும்' என்பது பழமொழி. புரட்டாசி முடியுமுன் ஒருமுறையும், முதல் மழைக்குப்பின் ஒருமுறையும் தூர்வாருதல் நன்று. வாயில் கம்பிவலை இடுவோர் அதனை எடுத்து மாட்டக்கூடியதாக அமைத்தல் வேண்டும்; நிலையாய்ப் பதித்த வலை நாளடைவில் சுவராகிவிடும்.

இப்பணியை யார் செய்வது என்னும் வினா நம் நாட்டில் புதியதன்று. முன்னர்க் கூறிய இரு கல்வெட்டுகளின் உறவு இங்கேதான் வெளிப்படுகின்றது. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள், குடவோலை முறையால் ஊரார் அமைத்த வாரியங்களைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியம் ஒன்று. நீரைக் காப்பதற்கென்றே ஒரு குழுவை ஆண்டுதோறும் தெரிந்தெடுத்த ஊர், ஐயப்பன்தாங்கல் உள்ள அதே காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாம். பிற்காலத்தே குடிகள் கூடி ஏரியையும் கால்வாயையும் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. 1858-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்க முற்பட்டது. 2017-இல் தமிழ்நாட்டு அரசு குடிமராமத்து என்னும் அப்பெயரை மீண்டும் எடுத்தாண்டது. கல்லில் எழுதிய கல்வெட்டு, நீர் ஊருக்குப் பொது என்று கூறிற்று. கல்லாற் கட்டும் 'கல்வெட்டு' அதனையே நம் வாயிலில் செய்து காட்டுகின்றது.

இலக்கியமும் இதற்குச் சான்றாகும். காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலத்தில், இனிதே சுவர்க்கம் புகுவானுக்குரிய ஐந்து நற்செயல்கள் ஒரு செய்யுளில் கூறப்படுகின்றன. குளந்தோண்டுதல், மரக்கிளை நட்டு வளர்த்தல், மக்கள் செல்லும் வழியைச் செப்பனிடுதல், நிலத்தை உழுவயலாக்குதல், கிணறு அமைத்தல் என்பன அவை. குளமும் வழியும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. நீருக்கு நன்மை செய்தலும் நடப்போர்க்கு நன்மை செய்தலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது அப்புலவர் கருத்தாதல் வேண்டும். வழிக்காக நீரை அடைப்பதும், நீருக்கு அஞ்சி வழியை விடுப்பதும் ஆகிய இரண்டும் வேண்டா. இரண்டையும் ஒருங்கே காக்கும் இடம் மதகு.

முடிவுரை

மாணவ நண்பர்காள், நம்மிற் பலர் நாளை புறநகரில் வீடு கட்டுவோம். மனைக்குப் பொருள் தேடுவோம். வாயிலுக்கு வண்ணம் தேர்வோம். நிலைவாயிலில் மாவிலைத் தோரணமோ சிலுவைக்குறியோ அமைப்போம். அவ்வேளையில், வாயிலின் முன்னே மண்ணுள் மறையப்போகும் குழாயையும் நினைத்தல் வேண்டும். அதனை விருந்தினர் எவரும் கண்டு புகழார். ஆயினும் கார்த்திகை மாதத்து நள்ளிரவில், நமக்கு மேல்வீட்டில் வாழும் மூதாட்டியார் நாற்காலியில் விழித்திருப்பாரோ கட்டிலில் உறங்குவாரோ என்பதனை அக்குழாயின் அங்குலக் கணக்கே முடிவு செய்யும். வாயில் நம்முடையது, அதன்கீழ்ச் செல்லும் நீர் ஊருடையது. இதனை உணர்ந்து அளந்து அமைப்போமாக.